அமுக்குவது பாதி, விடுவது பாதி

பொன்மலை ரயில்வே குடியிருப்பிலிருந்து அன்பர் ஒருவர், தமக்கு வாட்ஸ்ஆப்பில் வந்த செய்தியொன்றை அனுப்பி, தனியே இருக்கும்போது மாரடைப்பு வந்தால் மூச்சை ஆழ இழுத்துப் பலமாக இருமிக்கொண்டே இருந்தால் பிழைத்துவிடலாம் என்கிறார்களே, இது மெய்தானா என்று கேட்டிருக்கிறார். மெய்யல்ல. ஆஸ்பத்திரியில் இருதயத்துக்குள் குழாய் செலுத்திச் சோதிக்கும் அறையில், கருவிகள் கண்காணிக்க, வைத்தியர் பக்கத்தில் நிற்க, தாளம் குலைந்த அந்தக் கணமே நோயாளியை இருமச் சொன்னால், அவர் சில விநாடிகள் நினைவு தப்பாமல் தாக்குப்பிடிக்கக் கூடும் என்று 1976இல் கண்டார்கள் என்பது உண்மைதான். அந்தச் சின்ன உண்மையின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த பெரிய பொய் இது. மாரடைப்பு கண்டவருக்கு இருதயத்தின் ரத்தக்குழாய் அடைபட்டிருக்கிறதே தவிர இருதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது; ஆகவே இருமலால் பிரயோஜனமில்லை. இருதயம் நின்றே போனவருக்கோ சில விநாடிகளில் பிரக்ஞை போய்விடுகிறது. அங்கே இருமுவதற்கு ஆளில்லை.

நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிக்கும் சி.பி.ஆர். பற்றியும் நம்மிடையே ஆர்வம் உண்டான அளவுக்கு அறிவு உண்டாகவில்லை. 2024 நவம்பரில், அம்ரபாலி எக்ஸ்பிரஸில் ஒரு பயணிக்கு டிக்கெட் பரிசோதகர் சி.பி.ஆர். செய்து உயிர் கொடுத்ததாக ரயில்வே அமைச்சகம் பெருமையோடு ஒரு வீடியோவை வெளியிட, அதில் அந்தப் பயணி விழித்துக்கொண்டிருப்பதைக் கண்ட வைத்தியர்கள், நினைவோடிருப்பவரின் நெஞ்சை அமுக்கலாகாது என்று கண்டித்தார்கள். பரிசோதகரின் நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் தோளைத் தட்டி அழைத்தும் அசையாமல், அத்துடன் மூச்சே இல்லாமலோ, அல்லது கரையில் போட்ட மீனைப்போல விட்டுவிட்டு வாயைத் திறந்து மூடிக்கொண்டோ இருப்பவருக்கு உரிய சிகிச்சை அது. அந்த மீன்மூச்சைக் கண்டு, உயிர் இருக்கிறது, பயமில்லை என்று சும்மா இருந்துவிடுவதுதான் பெரிய அபாயம்.

சரித்திரத்தை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில், மின்சாரத்தால் இருதயத்தைச் சீராக்கும் தகடுகளை நாய்களின் நெஞ்சில் வைத்து ஆராய்ந்தபோது, மின்சாரம் பாய்ச்சுவதற்கு முன்பே, தகட்டை அழுத்தின மாத்திரத்தில் ரத்த அழுத்தம் உயர்வதை நிக்கர்பாக்கர் கவனித்தார். அவரும் ஜூட் என்ற வைத்தியரும் கௌவன்ஹோவன் என்பவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1960இல் வெளியாயிற்று. மூவரில் மூத்தவரான கௌவன்ஹோவன் வைத்தியரல்லர், மின்பொறியாளர் என்பதைப் பொன்மலை ரயில்வே பட்டறைக்காரர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இனி எனக்குப் பிரியமான விஷயத்துக்கு வருகிறேன். நெஞ்சை அமுக்கும்போது ரத்தம் உடம்புக்குள் தள்ளப்படுகிறது என்பதை யாரும் ஊகிப்பார்கள். நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே இருதயம் பிழியப்படுவதாலா, மார்புக்கூடு முழுவதும் ஒரு பம்பாக வேலை செய்வதாலா என்று ஆராய்ச்சியாளர்கள் வெகுகாலம் வாதாடியிருக்கிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அந்த ரத்தத்தில் இருதயத்துக்கு உரிய பங்கு எப்போது கிடைக்கிறது? அமுக்கும்போது அன்று, கையைத் தளர்த்தி விடும்போது. அமுக்குகையில் மகாதமனியிலும் இருதயத்தின் வலது மேலறையிலும் அழுத்தம் கிட்டத்தட்டச் சேர்ந்தே உயர்ந்துவிடுவதால், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசமில்லாத வாய்க்காலைப்போல, இருதயத் தசைக்குள் ரத்தம் ஓடுவதில்லை. கையைத் தளர்த்தியதும் மார்பு நிமிர்கிறது; வலது அறையின் அழுத்தம் விழுகிறது; அங்கே உடம்பின் ரத்தம் வந்து நிறைகிறது; மகாதமனியின் வாயில் உள்ள கதவு மூடிக்கொள்ள, திரும்ப வழியில்லாத ரத்தம், அந்தக் கதவுக்குச் சற்று மேலே கிளைக்கும் சின்னஞ்சிறு குழாய்களின் வழியே இருதயத் தசைக்குள் இறங்குகிறது.

கொல்லன் உலையின் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அமுக்கினால் காற்று உலைக்குப் போகிறது. விட்டால்தான் துருத்தி நிறைகிறது. முழுக்க விடாமல் பாதியில் மறுபடி அமுக்குகிற அவசரக்காரன் வெறும் தோலைப் பிசைந்துகொண்டிருக்கிறான். இன்னும் ஒருபடி போய், அந்தத் துருத்தியின் தோல் தான் ஊதுகிற காற்றையே சுவாசித்து உயிர்வாழ்கிறதென்றும், அதையும் ஓய்கிற வேளையில்தான் சுவாசிக்கிறதென்றும் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு துருத்தியை எந்தக் கொல்லரும் கண்டதில்லை; உவமை என் கையை விட்டுப் போய்விட்டது என்பதை ஒப்புக்கொண்டு, நீலகிரி மலைரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்துகொடுத்த பொன்மலைக்கே திரும்புகிறேன். கொதிகலனில் அழுத்தம் ஏற நேரமாகும், தீ அணைந்தால் இறங்கிவிடும் என்பது அங்கே தெரியாத செய்தியல்ல. நெஞ்சிலும் அப்படியே: பல தடவை தொடர்ந்து அமுக்கினால்தான் இருதயத்துக்கு ரத்தம் ஊட்டும் அழுத்தம் படிப்படியாக ஏறுகிறது, நாடி பார்க்கிறேன் என்று சில விநாடி நிறுத்தினால் சட்டென்று விழுந்துவிடுகிறது, மறுபடி அடியிலிருந்து ஏற்ற வேண்டும்.

விதிகளெல்லாம் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன. நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு கைமேல் மறுகை வைத்து, முழங்கை மடங்காமல், பெரியவர்களுக்கு 5 செண்டிமீட்டருக்குக் குறையாமலும் 6ஐத் தாண்டாமலும், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மார்பின்மேல் சாய்ந்துகொள்ளாமல் முழுக்க விட வேண்டும். களைத்தவன் தன்னை அறியாமல் சாய்ந்துகொள்வான். ஆதலால் இரண்டு நிமிஷத்துக்கொருமுறை ஆள் மாற வேண்டும். வாயோடு வாய் வைக்கத் தயங்குகிறவர்களை உத்தேசித்து, அமுக்குதல் மட்டும் போதும் என்று இந்திய மயக்கமருந்து நிபுணர்கள் 2017இல் சாமானியர்களுக்கு ஒரு முறையை வகுத்திருக்கிறார்கள். ஆனால் குழந்தைகளுக்கும், காவிரியில் மூழ்கி எடுக்கப்பட்டவர்களுக்கும் பிராணவாயுவே முதற்குறையாதலால், பழகியவர்கள் மூச்சும் ஊத வேண்டும். வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவதில் காலத்தைப் போக்கக் கூடாது.

சினிமாவில் நான்கு தட்டுத் தட்டியதும் கதாநாயகன் கண் விழிப்பதை நம்ப வேண்டாம். 1996இல் மூன்று அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களை ஆராய்ந்தவர்கள், அவற்றில் சி.பி.ஆர். பெற்றவர்களில் நூற்றுக்கு 75 பேர் உடனே பிழைத்துக்கொண்டதாகக் கணக்கிட்டார்கள். மெய்யான அமெரிக்காவிலோ, ஆஸ்பத்திரிக்கு வெளியே இருதயம் நின்றவர்களில் பிழைத்து வீடு திரும்புகிறவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 10 பேர்தான். மிக நன்றாகச் செய்தாலும் நம் கைகள் தரும் ரத்த ஓட்டம், இருதயம் தானே தருவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இருதயத்தை மறுபடி ஓடவைப்பது பெரும்பாலும் மின்னதிர்ச்சியின் வேலை. அது வந்து சேரும் வரை மூளை சாகாமல் காப்பதே கைகளின் வேலை. சும்மா நின்றால் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது என்பதால், அந்த அற்ப ஓட்டம் அற்பமானதன்று.

ஆகவே பொன்மலை அன்பருக்கு என் பதில் இது: இருமல் செய்தியை அழித்துவிடுங்கள். நெஞ்சு வலித்தால் இருமிக்கொண்டிராமல் 108ஐ அழையுங்கள். ஒரு நாள் சிரமம் பாராமல் போய், கற்றுத்தரும் இடத்தில் பொம்மையின்மேல் பழகிக்கொள்ளுங்கள். அமுக்குவதற்கு அங்கே யாரும் அதிகம் சொல்லித்தர வேண்டியிராது. கையை விடுவதற்குத்தான் பழக்கம் வேண்டும்.