கூச்சமுள்ள பிள்ளையும் கல்லூரி முதலாண்டும்

ஆண்டுதோறும் மழைக்காலத்தில் டில்லிக் கல்லூரிகள் புதிய மாணவரை வரவேற்கின்றன. நம் குடும்பங்களில் அதற்கு முன் பல மாதங்கள் ஒரே பேச்சுத்தான்: எத்தனை மதிப்பெண், எந்தக் கல்லூரி, என்ன பாடம். இடம் கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று பெற்றோர் மூச்சு விடுகின்றனர். இயல்பிலேயே கூச்சமுள்ள பிள்ளைக்கோ கவலை அன்றுதான் தொடங்குகிறது.

டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளுள் ஒன்றில் பயின்ற பிள்ளையை எண்ணிப் பாருங்கள். மழலை வகுப்பு முதல் அதே முகங்கள். ஆசிரியர்க்கும் அவன் குடும்பம் தெரியும். பேசாதிருந்தாலும் அவனை அறிந்தவர் சூழ இருந்தனர். டில்லிப் பல்கலைக் கழகத்தில் 2022 முதல் பொது நுழைவுத் தேர்வின் வழியே இடம் அளிக்கின்றனர். நாடெங்கிலுமிருந்து மாணவர் வருகின்றனர். பழைய தோழர் திசைக்கொருவராய்ப் பிரிகின்றனர். நம் பிள்ளைக்கு இந்தி தெரியாததன்று. கடையில் பேரம் பேசும் இந்தி வேறு, கேன்டீனில் பத்துப் பேர் நடுவே வேடிக்கை பேசும் இந்தி வேறு. ஒரு கணம் தாமதித்தால் பேச்சு அடுத்ததற்குத் தாவிவிடும். கூச்சமுடையவன் அந்த ஒரு கணத்தில்தான் எப்போதும் நின்றுவிடுகிறான்.

நமக்கே உரிய சங்கடம் ஒன்றும் உண்டு. அது பெயரைப் பற்றியது. நம்மவர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்தே உண்டு. விண்ணப்பத் தாளோ குடும்பப் பெயர் கேட்கிறது. எஸ். மீனாட்சி என்னும் பெண் மீனாட்சி சுப்பிரமணியன் ஆகிறாள். முதல் நாள் வருகைப் பதிவின்போது பேராசிரியர் 'சுப்பிரமணியன்' என்று விளிக்கிறார். அது தந்தையின் பெயர் என்று எழுந்து சொல்ல நா எழவில்லை. 'பிரசன்ட்' என்று மெல்லச் சொல்லி அமர்ந்துவிடுகிறாள். அடுத்த வாரத்திலிருந்து தோழியரும் அப்படியே அழைக்கின்றனர். ஆண்டு முழுவதும் தகப்பனார் பெயரிலேயே கல்லூரி சென்று வரும் பெண்கள் இந்நகரில் உள்ளனர்! கேட்போர்க்கு இது நகைப்பாயிருக்கலாம். தன் பெயரையே சொல்லிக்கொள்ள முடியாதவள் மற்றெதனைக் கேட்பாள்? ஆகவே முதல் வாரத்திலேயே, வகுப்பு முடிந்தபின், ஆசிரியரிடம் தனியே சென்று, 'ஐயா, என் பெயர் மீனாட்சி' என்று கூறிவிடுதல் நலம். முப்பது பேர் நடுவே சொல்ல வேண்டுவதில்லை. இந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாலும் குற்றமில்லை.

கூச்சம் அறிவின்மையின் அடையாளமன்று. காந்தியடிகள் 1888ஆம் ஆண்டில் பாவநகரத்துச் சாமள்தாஸ் கல்லூரியில் சேர்ந்தார். பாடம் ஒன்றும் விளங்கவில்லை. முதற் பருவம் முடிந்ததும் வீடு திரும்பிவிட்டார். பின்னர் இலண்டனில் சட்டம் பயின்றபோது சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தும் வாய் திறவாது அமர்ந்திருப்பார். ஒருமுறை தம் கருத்தை எழுதியே கொண்டு சென்றார். அதனைப் படிக்கவும் துணிவு வரவில்லை, வேறொருவர் படித்தார். அடிகள் தம் சுயசரிதையில் இவற்றை மறையாது கூறுகிறார். சொற்களை அளந்து பேசும் பழக்கம் அக்கூச்சத்தால் வந்த நன்மை என்றும் எழுதுகிறார்.

எல்லாரும் தன்னையே பார்க்கின்றனர் என்னும் எண்ணமே கூச்சத்தின் வேர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக் கழகத்தில் கிலோவிச் முதலிய உளவியலார் இதனைச் சோதித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அணிந்துகொள்ள வெட்கப்படத்தக்க படம் பொறித்த பனியனை ஒரு மாணவர்க்கு அணிவித்து, பிறர் அமர்ந்திருந்த அறைக்குள் அனுப்பினர். ஏறத்தாழப் பாதிப்பேர் படத்தைக் கவனித்திருப்பர் என்று அணிந்தவர்கள் எண்ணினர். உண்மையில் கவனித்தவர் நால்வரில் ஒருவர் அளவே. மற்றவர்க்குத் தத்தம் கவலை!

நூறு நண்பர் வேண்டா, ஒருவர் போதும். அந்த ஒருவர் கேன்டீன் கூட்டத்தில் கிடைப்பது அரிது. கையில் வேலை இருக்கும் இடங்களில் எளிதாகக் கிடைப்பார். ஆய்வுக்கூடத்தில் இருவர் சேர்ந்து ஒரு சோதனை செய்யும்போது பேச்சு தானே வரும். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 முதல் கல்லூரிகளில் நடைபெறுகிறது. மரம் நடும்போதோ பழைய நூல்களை அடுக்கும்போதோ யாரும் முகத்தை உற்று நோக்குவதில்லை. டுடோரியல் என்னும் சிறுகுழு வகுப்பும் இத்தகையதே. கேட்க வேண்டிய வினாவைத் தாளில் எழுதிக்கொண்டு சென்று முதற் பத்து நிமிடங்களுக்குள் கேட்டுவிட வேண்டும். காத்திருக்கக் காத்திருக்க நெஞ்சு படபடக்கும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். விருந்தினர் எதிரில், 'எங்கள் பிள்ளை வாயில்லாப் பூச்சி' என்று சிரித்துக் கூறுவதை நிறுத்துங்கள். மாலையில், 'இன்று யாரிடமாவது பேசினாயா?' என்று விசாரணை செய்வதும் வேண்டா. 'மதியம் எங்கே அமர்ந்து சாப்பிட்டாய்?' என்று கேட்டுப் பாருங்கள். விடையில் பாதி தெரிந்துவிடும்.

கூச்சம் வேறு, அச்சம் வேறு. கல்லூரிக்குப் புறப்படவே மறுத்தால், முன்னவர் துன்புறுத்துகின்றனரா என்று அறிதல் வேண்டும். பல்கலைக் கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள் ராகிங்கைத் தடை செய்கின்றன. 1800-180-5522 என்னும் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் முறையிடலாம். உறக்கமும் உணவும் குறைந்து வாரக்கணக்கில் வாடியிருந்தால் மருத்துவரை நாடுக. அரசாங்கம் 2022இல் தொடங்கிய மனநல உதவி எண் 14416; அதில் தமிழிலேயே பேசலாம்.