மாவட்ட நீதிமன்றமும் இரண்டு ஏணிகளும்

எட்டாம் வகுப்பில் நீதித்துறை பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நீதிமன்றங்களின் படிநிலையைக் கரும்பலகையில் வரைந்து முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள். "சார், அமெரிக்காவுல ஜனாதிபதி போட்ட உத்தரவை ஒரு மாவட்ட நீதிபதி நிறுத்திட்டாருன்னு டி.வி.யில சொன்னாங்க. நம்ம சீவில்லிபுத்தூரு ஜட்ஜும் பிரதமர் உத்தரவை நிறுத்தலாமா?"

உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. 'நாளைக்குச் சொல்கிறேன்' என்றேன். அன்றிரவு படித்தவற்றையும் மறுநாள் வகுப்பில் பேசியவற்றையும் ஆசிரிய நண்பர்களோடு இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

அமெரிக்காவின் இரண்டு ஏணிகள்

அமெரிக்காவில் 50 மாநிலங்களுக்கும் தனித்தனி நீதிமன்ற ஏணி உண்டு. கீழ் நீதிமன்றத்தில் தொடங்கி மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை அது செல்லும். திருட்டு, நிலத் தகராறு, மணவிலக்கு என்று அன்றாட வழக்குகளில் பெரும்பாலானவை இங்கேயே முடிந்துவிடும். மாநிலச் சட்டத்துக்குப் பொருள் சொல்வதில் அம்மாநில நீதிமன்றத்தின் சொல்லே இறுதியானது.

இதற்கு இணையாக நிற்பது கூட்டாட்சி நீதிமன்ற ஏணி. அதற்கு மூன்றே படிகள். கீழே 94 மாவட்ட நீதிமன்றங்கள், நடுவில் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் 9 நீதிபதிகளைக் கொண்ட உச்ச நீதிமன்றம். கூட்டாட்சிச் சட்டம், கூட்டாட்சி அரசியலமைப்பு, கூட்டாட்சி அரசு ஆகியவை தொடர்பான வழக்குகள் இங்கே வரும். வெவ்வேறு மாநிலத்தவருக்கு இடையிலான பெரிய தொகை வழக்குகளும் வரும். இந்த நீதிபதிகளை அதிபர் முன்மொழிய, செனட் சபை ஒப்புதல் தருகிறது. ஓய்வு வயது கிடையாது. நன்னடத்தை உள்ளவரை பதவியில் இருக்கலாம்.

மாணவி கேட்ட 'மாவட்ட நீதிபதி' இந்த ஏணியின் முதல் படியில் இருப்பவர். அரசியலமைப்புக்கு முரணானது என்று கண்டால் அதிபரின் உத்தரவையே அவர் தடுக்க முடியும். பிறப்பால் வரும் குடியுரிமை பற்றி 2025 ஜனவரி 20 அன்று அதிபர் பிறப்பித்த உத்தரவுக்கு, மூன்றே நாளில் சியாட்டில் நகரக் கூட்டாட்சி மாவட்ட நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். ஆனால் அந்த அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. வழக்குத் தொடுத்தவருக்குத் தேவையான நிவாரணத்தைத் தாண்டி, நாடு முழுவதற்குமான பொதுத் தடையைக் கீழ் நீதிமன்றங்கள் விதிப்பதை 2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்தியது.

இன்னொரு செய்தி: சட்டத்தைச் செல்லாது என்று அறிவிக்கும் நீதிப்புனராய்வு அதிகாரம் அமெரிக்க அரசியலமைப்பில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. 1803இல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தந்த தீர்ப்பே அதை நிலைநாட்டியது. நம் அரசியலமைப்பிலோ, அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் செல்லாது என்று சட்டப்பிரிவு 13 வெளிப்படையாகவே சொல்கிறது.

நமக்கு ஒரே ஏணி

இந்தியாவும் கூட்டாட்சி நாடுதான். ஆனால் நீதித்துறை ஒன்றே. பாராளுமன்றம் இயற்றிய சட்டமானாலும் தமிழகச் சட்டமன்றம் இயற்றிய சட்டமானாலும் ஒரே நீதிமன்றம்தான் விசாரிக்கிறது. மல்லாங்கிணற்றுப் பிள்ளைகளுக்கு இந்த ஏணியை ஊர்ப் பெயர்களாலேயே காட்டலாம். அருப்புக்கோட்டையில் உரிமையியல், குற்றவியல் நீதிமன்றங்கள். அதற்கு மேலே மாவட்ட முதன்மை நீதிமன்றம். ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில் இருந்தாலும் இந்த நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அதற்கு மேல், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. உச்சியில் டெல்லியில் உள்ள உச்ச நீதிமன்றம்.

1862 முதல் சென்னையில் இயங்கிவரும் உயர் நீதிமன்றத்துக்கு மதுரையில் கிளை தொடங்கப்பட்டது 2004 ஜூலை 24 அன்று. அதுவரை நம் பகுதி மக்கள் ஒரு ரிட் மனுவுக்கும் சென்னைக்குத்தான் போகவேண்டியிருந்தது. இன்று காலையில் மதுரைக்குப் பஸ் ஏறினால் மாலையில் வீடு திரும்பலாம்.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். நம் மாவட்ட நீதிமன்றத்தால் ஒரு சட்டத்தைச் செல்லாது என்று அறிவிக்க முடியாது. சட்டம் செல்லுமா என்ற ஐயம் வழக்கில் எழுந்தால், அதை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பக் குடிமை நடைமுறைச் சட்டம் வழி செய்கிறது. நீதிப்பேராணை வழங்கும் அதிகாரம் இரண்டு இடங்களில்தான் உள்ளது. சட்டப்பிரிவு 32 அதை உச்ச நீதிமன்றத்துக்கும், 226 உயர் நீதிமன்றங்களுக்கும் தருகின்றன. உச்ச நீதிமன்றம் அடிப்படை உரிமைக்காக மட்டுமே பேராணை வழங்கும். உயர் நீதிமன்றம் பிற சட்ட உரிமைகளுக்காகவும் வழங்கலாம். இந்த வகையில் உயர் நீதிமன்றத்தின் எல்லை அகலமானது. மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது.

ஆக, 'மாவட்ட நீதிமன்றம்' என்ற பெயர் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான், அதிகாரம் வேறு.

புத்தகம் இல்லாத இரண்டு மாதங்கள்

இந்த ஏணி எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்ட நமக்கெல்லாம் நினைவிருக்கும் ஒரு வழக்கு உண்டு: சமச்சீர் கல்வி வழக்கு. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் ஆகிய நான்கையும் ஒன்றாக்கும் சட்டம் 2010இல் வந்தது. அந்த ஆண்டு 1, 6ஆம் வகுப்புகளில் நடைமுறைக்கும் வந்தது. 2011இல் மற்ற வகுப்புகளுக்கு விரிவாக்க வேண்டிய நேரத்தில், அதைத் தள்ளிவைக்கும் திருத்தச் சட்டம் நிறைவேறியது.

வழக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகவில்லை; நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கேள்வி ஒரு சட்டத்தின் செல்லுபடி பற்றியது என்பதே காரணம். ஜூன் 10 அன்று உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றம், 1, 6ஆம் வகுப்புகளில் சமச்சீர் தொடரட்டும், மற்ற வகுப்புகளின் பாடத்திட்டத்தை வல்லுநர் குழு ஆராயட்டும் என்று சொல்லி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே அனுப்பியது. ஜூலை 18 அன்று உயர் நீதிமன்றம் திருத்தத்தைச் செல்லாது என்றது. அரசு மேல்முறையீடு செய்ய, ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, பத்து நாட்களுக்குள் சமச்சீர் கல்வியை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. சமத்துவத்தைச் சொல்லும் சட்டப்பிரிவு 14 அத்தீர்ப்பின் அடித்தளங்களுள் ஒன்று.

அந்த இரண்டு மாதமும் புத்தகம் இல்லாத வகுப்பில் வரைபடமும் பொது அறிவுமாக ஓட்டியது நினைவிருக்கிறது. 'எப்ப சார் புக்கு வரும்?' என்று பிள்ளைகள் தினமும் கேட்பார்கள். நீதிமன்றத் தீர்ப்பு என்பது செய்தித்தாளில் வரும் ஒன்று மட்டுமல்ல, நம் பிள்ளையின் பைக்குள் இருக்க வேண்டிய புத்தகம் என்று நான் உணர்ந்தது அப்போதுதான்.

இதே வழக்கு அமெரிக்காவில் எழுந்திருந்தால்? ஒரு மாநிலத்தின் பாடத்திட்டச் சட்டம் என்பதால் மாநில ஏணியிலேயே முடிந்திருக்க வாய்ப்பு அதிகம். கூட்டாட்சி அரசியலமைப்பு தரும் உரிமை மீறப்பட்டது என்றால்தான் மற்ற ஏணியின் கதவு திறக்கும். கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளியில் வைத்ததை எதிர்த்த பிரவுன் வழக்கு அப்படித்தான் கான்சாஸ் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கி, 1954இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது.

வகுப்பறையில் செய்து பார்க்க

நான்கு அட்டைகள் எழுதுங்கள். 1. வரப்புத் தகராறு. 2. ஆடு திருட்டு. 3. காரணமின்றி நிறுத்தப்பட்ட அரசு ஓய்வூதியம். 4. அடிப்படை உரிமையைப் பறிக்கும் ஒரு மாநிலச் சட்டம். ஒவ்வொன்றையும் ஏணியின் எந்தப் படியில் வைப்பது என்று குழுக்கள் பேசி முடிவு செய்யட்டும். முதல் இரண்டும் அருப்புக்கோட்டையில் நிற்கும். பின் இரண்டும் மதுரைக்குப் போகும். பிறகு, 'இது அமெரிக்கா என்றால் எந்த ஏணி?' என்று கேளுங்கள்.

என் வகுப்பில் மூன்றாம் அட்டையை வைத்திருந்த மாணவன், "எங்க ஆத்தாவுக்கு இப்படி ஆச்சுன்னா நானே மதுரைக்குக் கூட்டிப் போவேன் சார்" என்றான். படிநிலையை மனப்பாடம் செய்து எழுதும் ஐந்து மதிப்பெண்ணைவிட, எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று அவன் தெரிந்துகொண்டது எனக்கு நிறைவாக இருந்தது.