ஒட்டுச்செடியில் வேரின் பங்கு: கஞ்சா – ஹாப் ஒட்டு ஆய்வுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு செடியின் வேரின்மேல் வேறொரு செடியின் கிளையை ஒட்டும்போது, வேர்ச்செடிக்குரிய வேதிப்பொருள் ஒட்டிய கிளைக்கு ஏறிச் செல்லுமா என்பது தாவர அறிவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. கஞ்சா வேரில் ஒட்டப்பட்ட ஹாப் கொடி போதைப்பொருளைத் தரும் என 1940களில் முன்வைக்கப்பட்ட கருத்தையும், அதனை 1975ஆம் ஆண்டு ஆய்வு மறுத்த முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. புகையிலை – தக்காளி, ஊமத்தை – தக்காளி ஒட்டுகளோடு ஒப்பிட்டு, ஒரு சேர்மம் செடியின் எவ்வுறுப்பில் உருவாகிறது என்பதே இவ்வினாவின் விடையைத் தீர்மானிக்கிறது என்பதை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: ஒட்டுதல், வேர்ச்செடி, ஒட்டுக்கிளை, கஞ்சா, ஹாப், நிக்கோட்டின், சுரப்பித் தூவிகள்

முன்னுரை

ஒட்டு மாங்கன்றை அறியாத தோட்டக்காரர் இலர். கொட்டையிலிருந்து முளைத்த நாற்றின்மேல் விரும்பிய இரகத்தின் கிளையை ஒட்டினால், காய்ப்பது அக்கிளைக்குரிய இரகமே என்பது அனுபவத்தால் உறுதிப்பட்ட செய்தி. ஒட்டுச்செடியில் மண்ணைப் பற்றி நிற்கும் அடிப்பகுதி வேர்ச்செடி எனவும், அதன்மேல் பொருத்தப்படும் பகுதி ஒட்டுக்கிளை எனவும் வழங்கப்பெறும். வேர்ச்செடி நீரையும் கனிமங்களையும் மட்டும் அனுப்புகிறதா, தன் இயல்பையும் சேர்த்து அனுப்புகிறதா என்னும் வினா மேலோட்டமாகப் பார்த்தால் எளியது. ஆயினும் இதற்குத் தவறான விடை காண்பது அறிவியலில் பிழையாகவும், உணவில் நஞ்சாகவும் முடியக்கூடும்.

ஒட்டு கூடும் முறை

இரு தண்டுகளின் வெட்டுமுகங்களை நெருக்கிக் கட்டும்போது, வெட்டுப்பட்ட உயிரணுக்கள் பெருகிக் கேலஸ் எனப்படும் மென்திசுவை உருவாக்குகின்றன. இரு பகுதிகளின் கேம்பிய அடுக்குகளும் ஒன்றையொன்று தொட்டிருந்தால், அத்திசுவின் வழியே புதிய சைலமும் புளோயமும் தோன்றி இரண்டையும் இணைக்கின்றன. வேரிலிருந்து நீரும் அதில் கரைந்த பொருள்களும் சைலத்தின் வழியே மேலேறுகின்றன. இலையில் உருவான சர்க்கரை புளோயத்தின் வழியே ஏனைய உறுப்புகளுக்குச் செல்கிறது. நெருங்கிய உறவுடைய செடிகளிடையே இவ்விணைப்பு எளிதில் கைகூடும். கஞ்சாவும் ஹாப் கொடியும் கன்னாபேசியே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆதலால் அவை தம்முள் ஒட்டுகின்றன.

1940களின் கருத்து

ஹாப் கொடியின் பெண் பூங்கொத்து பீர் வடிப்பில் கசப்புக்கும் மணத்துக்கும் பயன்படுவது. அதில் போதைப்பொருள் இல்லை. 1943–44ஆம் ஆண்டுகளில் வார்ம்கே, டேவிட்சன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் கஞ்சா வேரின்மேல் ஹாப் கிளையை ஒட்டி ஆராய்ந்தனர். அவ்வாறு ஒட்டப்பட்ட ஹாப் இலைகளில், இயல்பான கஞ்சா இலைகளுக்கு நிகரான அளவில் போதைப்பொருள் காணப்பட்டதாக அவர்கள் அறிவித்தனர். இது மெய்யாயின், அப்பொருள் கஞ்சாவின் வேரில் உருவாகி ஒட்டிடத்தைக் கடந்து ஹாப் இலைக்குச் செல்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இக்கருத்து அன்று பொருந்தாத ஒன்றாகத் தோன்றவில்லை. அதற்குச் சற்று முன்னரே, 1942ஆம் ஆண்டில், டாசன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் புகையிலையையும் தக்காளியையும் மாற்றி மாற்றி ஒட்டிய ஆய்வின் முடிவுகளை வெளியிட்டிருந்தார். புகையிலை வேரின்மேல் ஒட்டிய தக்காளியின் இலைகளில் நிக்கோட்டின் சேர்ந்தது. தக்காளி வேரின்மேல் ஒட்டிய புகையிலையின் இலைகளிலோ அது பெரிதும் இல்லாது போயிற்று. நிக்கோட்டின் புகையிலையின் வேரில் உருவாகி இலையில் சேமிக்கப்படுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. புகையிலைக்குப் பொருந்தியது கஞ்சாவுக்கும் பொருந்தும் என எண்ண இடமிருந்தது. மேலும், கஞ்சாவின் முதன்மைப் போதைப்பொருளான டெட்ராஹைட்ரோகன்னாபினாலின் வேதியமைப்பு 1964ஆம் ஆண்டில்தான் கவோனி, மெக்கூலம் ஆகியோரால் தெளிவாக்கப்பட்டது. அமைப்பே துலங்காத ஒரு பொருளை இலையில் தனித்து இனங்காண்பது 1940களில் அரிதாகவே இருந்தது.

1975ஆம் ஆண்டு மறுப்பு

வேதியமைப்பு தெளிவானபின் நிறப்பிரிகை முறையால் சேர்மங்களைத் தனித்தனியே பிரித்தறிய முடிந்தது. எல். கிராம்பி, டபிள்யூ. எம். எல். கிராம்பி ஆகிய இருவரும் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இம்முறையைப் பயன்படுத்தியது. போதைப்பொருள் மிகுந்த கஞ்சா வகையையும் குறைந்த வகையையும் தம்முள் ஒட்டியும், கஞ்சாவையும் ஹாப் இனங்களையும் தம்முள் ஒட்டியும் அவர்கள் ஆராய்ந்தனர்; ஒட்டாத செடிகளை ஒப்பீட்டிற்கு வைத்துக்கொண்டனர். கன்னாபினாய்டு உருவாக்கத்துக்கு இன்றியமையாத இடைநிலைப் பொருளோ வேறு காரணியோ ஒட்டிடத்தைக் கடந்ததற்குச் சான்று எதுவும் கிட்டவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிலவிய கருத்து இவ்வாறு வீழ்ந்தது.

காரணம் செடியின் உடலமைப்பிலேயே உள்ளது. கன்னாபினாய்டுகள் பெரும்பாலும் பெண் பூக்களைச் சூழ்ந்த பூவடிச் சிற்றிலைகளின் சுரப்பித் தூவிகளில் உருவாகி, அத்தூவிகளின் தலைப்பகுதியிலேயே பிசினாகத் தேங்குகின்றன. உருவாகும் இடமும் சேமிக்கும் இடமும் அங்கு ஒன்றே. வேர் அனுப்புவதற்கு அப்பொருள் வேரில் இல்லை. ஹாப் கிளையில் அதனை உருவாக்கும் நொதிகளும் இல்லை. ஹாப் தன் சுரப்பிகளில் ஹியூமுலோன், லூப்புலோன் முதலிய தனக்குரிய கசப்புப் பொருள்களையே உருவாக்கும்.

மறுபக்கம்: ஊமத்தை ஒட்டு

கஞ்சா ஆய்வின் முடிவைக் கொண்டு, ஒட்டிடம் எப்பொருளையும் கடக்கவிடாது எனப் பொதுவிதி வகுப்பது மற்றொரு பிழையாகும். ஊமத்தையின் நச்சு ஆல்கலாய்டுகள், நிக்கோட்டினைப் போலவே, வேரில் உருவாகி மேலேறுபவை. 1960களில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஊமத்தை இனச் செடியின்மேல் ஒட்டி வளர்த்த தக்காளியின் பழங்களை உண்டவர்கள் நஞ்சுக்கு ஆளாயினர். தக்காளியும் ஊமத்தையும் ஒரே குடும்பத்தவை. ஒட்டு நன்றாகவே கூடிற்று. பழம் தோற்றத்தில் தக்காளியாகவே இருந்தது. கேடு விளைத்தது கண்ணுக்குத் தெரியாத வேர்.

ஆகவே ஒட்டு கூடுகிறதா என்பதும், கூடிய ஒட்டு உண்ணத்தக்கதா என்பதும் வெவ்வேறு வினாக்கள். தமிழகத்தில் வாடல் நோயைத் தாங்குவதற்காகக் கத்தரியைச் சுண்டையின் வேரில் ஒட்டும் முறை பரவி வருகிறது. சுண்டைக்காய் தலைமுறை தலைமுறையாக உணவில் இடம்பெற்றுள்ளமை அதற்குத் துணையான செய்தி. அதே குடும்பத்தில் உணவாகப் பழகாத காட்டுச்செடிகளை வேர்ச்செடியாகத் தேர்வோர், நோய் எதிர்ப்பையும் விளைச்சலையும் அளப்பதோடு, காயில் வேர்வழிச் சேர்மங்கள் உள்ளனவா என்பதையும் அளத்தல் வேண்டும்.

ஒட்டு ஆய்வுக்குரிய ஒழுங்கு

மேற்கண்ட ஆய்வுகளை ஒப்புநோக்கும்போது மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, இருசெடிகளையும் இருவகையாகவும் ஒட்டிப் பார்த்தல். புகையிலை – தக்காளி ஆய்வின் வலிமை இம்மாற்றொட்டில்தான் இருந்தது. இரண்டாவது, ஒட்டாத செடியையும் தன்மேல் தானே ஒட்டப்பட்ட செடியையும் ஒப்பீட்டிற்கு வைத்தல். வெட்டுக்காயத்தின் விளைவை வேரின் விளைவாக மயங்குவதை இது தடுக்கும். மூன்றாவது, விளைவை மட்டும் காணாது, சேர்மத்தையே இனங்கண்டு அளத்தல்.

முடிவுரை

வேரின் குணம் கிளைக்கு ஏறுமா என்னும் வினாவுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒற்றை விடை இல்லை. வேரில் உருவாகிச் சைலத்தில் செல்லும் நிக்கோட்டின் ஏறும். பூவின் சுரப்பியில் உருவாகி அங்கேயே தேங்கும் கன்னாபினாய்டு ஏறாது. கஞ்சா – ஹாப் ஒட்டைப் பற்றிய பழைய கருத்து ஓர் உண்மையான ஆய்வின் முடிவை வேறொரு செடிக்கு நீட்டிக் காண இடமளித்தது. ஊமத்தை வேரில் தக்காளியை ஒட்டியோர் வேர் எதனையும் அனுப்பாது என நம்பினர். இரண்டிடத்தும் விடுபட்டது, பொருள் எங்கே உருவாகிறது என்னும் வினாவே. ஒட்டுமுறை காய்கறிச் சாகுபடியில் விரிவடைந்துவரும் இன்று, அவ்வினாவை முதலில் எழுப்புவது ஆய்வாளரின் கடமையாகிறது.