ஒரு சுரம் தாழும்போது

ஆலயத்தில் ஓர்கன் வாசிக்கும் உங்கள் பிள்ளைகளின் பாட்டுக் கொப்பியில் 'ஜி செவந்த் பிளாட் ஃபைவ்' என்றொரு குறிப்பு இருக்கக்கூடும். அதை வழமையான 'ஜி செவந்த்' ஆகவே வாசித்துக் கடந்துவிடுவது எளிது. பாடல் தடைப்படுவதில்லை, எனினும் இசையமைத்தவர் எண்ணி வைத்த ஒரு சுரம் அங்கே பறிபோகிறது.

'ஜி செவந்த்' என்பது ஜி, பி, டி, எஃப் என்னும் நான்கு சுரங்களின் கூட்டு. 'சி மேஜரில்' அமைந்த பாடலில் அது வீடு திரும்புமுன் வாசலில் நிற்பது போன்றது. பி மேலேறிச் சியையும், எஃப் கீழிறங்கி ஈயையும் நாடுகின்றன. ஐந்தாம் சுரமான டிக்கு அத்தகைய அவசரமில்லை. அதை அரைச்சுரம் தாழ்த்தி 'டி பிளாட்' ஆக்குங்கள். அதுவும் சியை நோக்கிச் சாயத் தொடங்கும்.

இனி அந்த டி பிளாட்டை இடக்கையில், யாவற்றுக்கும் கீழே வையுங்கள்: டி பிளாட், எஃப், ஜி, பி. இதுவே இக்கூட்டின் இரண்டாம் 'இன்வெர்ஷன்'. அடியிலுள்ள சுரம் இறங்கியும், உச்சியிலுள்ள சுரம் ஏறியும் சியையே வந்தடைகின்றன. இதே அமைப்புடைய கூட்டை ஐரோப்பிய இசை நூல்கள் 'பிரெஞ்சு சிக்ஸ்த்' என்பர். வியப்பு யாதெனில், இதே நான்கு கட்டைகளும் 'டி பிளாட் செவந்த் பிளாட் ஃபைவ்' என்ற இன்னொரு கூட்டும் ஆகும். அப்போது அது 'ஜி பிளாட்' என்னும் வேறொரு வீட்டுக்கு வழிகாட்டும். விரல்களை மட்டும் பார்த்து அதன் பெயரைச் சொல்லிவிட இயலாது. அடுத்து அது எங்கே செல்கிறது என்றும் பார்க்கவேண்டும்.

'ஆவே மரியா' இசையால் நம் குடும்பங்கள் அறிந்த ஷூபர்ட், 1828இல் இரு வயலின், ஒரு வியோலா, இரு செலோ ஆகிய ஐந்து கருவிகளுக்காக எழுதிய சி மேஜர் குவின்டெட்டின் இறுதியில் இக்கூட்டையே டி பிளாட் அடிச்சுரத்துடன் ஒலிக்கச் செய்தார். கடைசியில் ஐந்து கருவிகளும் டி பிளாட்டைத் தொட்டுச் சியில் நிற்கின்றன. சாதாரண டி அங்கே ஒலித்திருந்தால் அது மங்கலமான முடிவாக மட்டும் இருந்திருக்கும். இப்போதோ மகிழ்ச்சியோடு ஒரு நடுக்கமும் சேர்ந்தே வருகிறது. அதே ஆண்டு நவம்பர் 19இல், தமது 31ஆம் வயதில் அவர் மறைந்தார். அப்படைப்பு முதன்முதலாகப் பொது அரங்கில் ஒலித்தது 1850இல்தான்.

இளையோரே, ஆர்வமிகுதியால் எல்லாப் பாடலிலும் இதைப் புகுத்திவிடாதீர்கள். மெட்டில் சுத்தமான டி வருமிடத்தில் இது மோதும், பாடுவோர் தடுமாறுவர். மெட்டு ஜியிலோ எஃப்பிலோ நின்று, அடுத்துச் சி மேஜருக்குத் திரும்பும் ஓரிடத்தைத் தேடி, அங்கே மெல்ல வாசித்துப் பாருங்கள்.