அம்மா விட்டுச்சென்ற 667 டாலரும் வரித்துறைக்கே! - உலக சாம்பியன் ஜோ லூயிஸின் கதை

1953-ல் ஜோ லூயிஸின் அம்மா லில்லி இறந்துபோனார். மகனுக்கென்று அவர் எழுதிவைத்திருந்த பணம் 667 டாலர். அது மகன் கைக்கு வந்து சேரவில்லை. பழைய வரி பாக்கிக்காக அமெரிக்க வருமான வரித்துறை எடுத்துக்கொண்டது.

இந்த ஜோ லூயிஸ் சாதாரண ஆள் இல்லை. 1937-லிருந்து 1949 வரை கிட்டத்தட்ட 12 வருடங்கள் ஹெவிவெயிட் குத்துச்சண்டை உலக சாம்பியன். 25 முறை பட்டத்தைத் தக்கவைத்தவர். ஹெவிவெயிட் பிரிவில் அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. அப்படிப்பட்டவர் எப்படிக் கடனாளி ஆனார்?

வயலின் கிளாஸுக்குக் கொடுத்த காசு

1914-ல் அலபாமா மாநிலத்தில், பருத்திக் காட்டில் குத்தகைக்குப் பாடுபட்ட கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் ஜோ. பையனுக்கு 12 வயதானபோது பிழைப்பு தேடி குடும்பம் டெட்ராய்ட் நகருக்கு வந்தது. மகன் வயலின் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. கஷ்டப்பட்டு ஃபீஸ் கொடுத்து அனுப்பினார். பையன் அந்தக் காசை குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடத்தில் கட்டினான். அம்மாவிடம் மாட்டினானா என்றால், மாட்டினான்.

1930-களின் பஞ்ச காலத்தில் இந்தக் குடும்பம் டெட்ராய்ட் நகர நிர்வாகத்தின் உதவித்தொகையில் சாப்பிட்டது. ஜோ சம்பாதிக்க ஆரம்பித்ததும் என்ன செய்தார் தெரியுமா? அந்த உதவித்தொகையைக் கணக்குப் பார்த்து நகர நிர்வாகத்துக்கே திருப்பிக் கட்டினார். யாரும் கேட்கவே இல்லை!

124 விநாடிகள்

1936-ல் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங், ஜோவை 12-வது ரவுண்டில் வீழ்த்தினார். ஹிட்லர் அரசு அந்த வெற்றியைத் தன் இனத்தின் வெற்றியாகக் கொண்டாடித் தீர்த்தது. மறுவருடம் ஜோ உலக சாம்பியன் ஆகிவிட்டார். ஆனாலும் அந்தத் தோல்வி மனசில் முள்ளாக இருந்தது.

1938 ஜூன் 22. நியூயார்க்கின் யாங்கீ ஸ்டேடியத்தில் சுமார் 70,000 பேர். ரேடியோ முன்னால் பல கோடிப் பேர். மணி அடித்த 124 விநாடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. ஷ்மெலிங் மூன்று முறை கீழே விழுந்தார், ரெஃப்ரி சண்டையை நிறுத்தினார். அன்று இரவு கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களில் திருவிழாதான். வெள்ளைக்காரர்களில் பலரும்கூட ஒரு கறுப்பரின் வெற்றிக்காக ஆர்ப்பரித்தது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை.

கொடுத்தது சாம்பியன், கணக்கு கேட்டது அரசு

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியதும், 1942-ல் ஜோ இரண்டு சண்டைகளின் வருமானத்தை நன்கொடையாகக் கொடுத்தார். ஒன்று கடற்படைக் குடும்பங்களின் நிவாரண நிதிக்கு, இன்னொன்று ராணுவ நிவாரண நிதிக்கு. முதல் சண்டையில் மட்டும் அவர் பங்கு 47,000 டாலருக்கு மேல். பிறகு ராணுவத்திலும் சேர்ந்தார். வீரர்களை உற்சாகப்படுத்த 96 காட்சிச் சண்டைகள். அவர் சேர்ந்த ராணுவத்தில் கறுப்பர்களுக்கு அப்போது தனிப் படைப்பிரிவு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வரித்துறையோ, அவர் தானம் செய்த தொகையையும் அவருடைய வருமானமாகவே எழுதிக்கொண்டது. போர்க்காலத்தில் உச்ச வரி விகிதம் 90 சதவிகிதத்தைத் தாண்டியிருந்தது. ராணுவத்தில் இருந்த வருடங்களில் வருமானமும் இல்லை. செலவுக்குக் கடன் வாங்கினார். 1946-ல் பில்லி கான்னை வென்றபோது அவர் பங்கு சுமார் 6 லட்சம் டாலர். மேனேஜர்கள் பங்கு, விவாகரத்தான மனைவிக்குச் சேர வேண்டியது, பழைய கடன் என்று போக வரி கட்டக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லாத கையும், தோற்றுப்போன பிசினஸ்களும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. எல்லாப் பழியையும் அரசின் மேல் போட முடியாது. கணக்கு வழக்கைத் தானே உட்கார்ந்து பார்க்கும் பழக்கமும் அவருக்கு இல்லை.

1949-ல் சாம்பியனாகவே ஓய்வு பெற்றார். அடுத்த வருடமே வரித்துறை 5 லட்சம் டாலருக்கு மேல் பாக்கி என்றது. ஓய்வு பெற்ற மனிதர் மறுபடி க்ளவுஸ் மாட்ட வேண்டிவந்தது. எஸர்ட் சார்லஸிடம் தோற்றார். 1951 அக்டோபரில், 37 வயதில், இளம் வீரர் ராக்கி மார்சியானோவின் அடியில் எட்டாவது ரவுண்டில் கயிறுகளுக்கு வெளியே சரிந்தார். மார்சியானோ சின்ன வயதிலிருந்தே ஜோவின் ரசிகர். ஜெயித்த பிறகு தோற்றவரின் அறைக்கே போய் ஆறுதல் சொன்னார்.

அதோடு முடியவில்லை. 1956-ல், டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்க்கும் மல்யுத்த மேடையிலும் ஏறினார் ஜோ. கடன் வட்டியோடு 10 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. 1960-களில்தான் வரித்துறை கொஞ்சம் இறங்கிவந்தது. அன்றன்றைய வருமானத்துக்கு ஏற்றபடி மட்டும் வசூலிக்க ஒப்புக்கொண்டது.

மார்த்தா இல்லாவிட்டால்...

1959-ல் அவர் திருமணம் செய்துகொண்ட மார்த்தா ஒரு வழக்கறிஞர். அதன் பிறகு வீட்டைத் தாங்கிப் பிடித்தது அவர்தான். ஜோ போதைப்பழக்கத்தில் சிக்கினார். யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்ற பயம் பிடித்துக்கொண்டது. விஷவாயு வந்துவிடும் என்று ஹோட்டல் அறைகளில் காற்று வரும் வழிகளை அடைத்துவைப்பாராம். 1970-ல் குடும்பத்தாரே அவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஊரே கொண்டாடிய ஒருவருக்கு இப்படிச் செய்ய வீட்டார் எவ்வளவு யோசித்திருப்பார்கள்!

தேறி வந்தவருக்கு லாஸ் வேகாஸின் சீஸர்ஸ் பேலஸ் ஹோட்டல் வேலை கொடுத்தது. வருகிற விருந்தினர்களை வரவேற்று, கைகுலுக்கி, போட்டோவுக்கு நிற்கிற வேலை. சாம்பியனுக்கு இது அவமானம் என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. அவரோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களுக்கு அது வாழ்நாள் சந்தோஷம்.

எதிரி வந்தார்

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள், 124 விநாடிகளில் தோற்ற ஷ்மெலிங்தான். அவர் நாஜிக் கட்சியில் சேரவே இல்லை. தன் யூத மேனேஜரை விலக்கச் சொன்னபோதும் கேட்கவில்லை. 1938 நவம்பரில் யூதர்கள் மீது வன்முறை வெடித்தபோது, இரண்டு யூதச் சிறுவர்களைத் தன் ஹோட்டல் அறையில் ஒளித்துக் காப்பாற்றினார். அதைப் பற்றி அவர் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. பல வருடங்கள் கழித்து, காப்பாற்றப்பட்டவர்களில் ஒருவர் சொல்லித்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

போருக்குப் பிறகு ஜெர்மனியில் கோகோ-கோலா வியாபாரத்தில் வசதியான ஷ்மெலிங், 1954-ல் அமெரிக்காவுக்கு வந்து ஜோவைத் தேடிப் பார்த்தார். அன்று தொடங்கிய நட்பு கடைசிவரை நீடித்தது. நண்பரின் கஷ்டத்தில் பண உதவியும் செய்தார்.

1977-ல் இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஜோ சக்கர நாற்காலியில்தான். 1981 ஏப்ரல் 11 இரவு, சீஸர்ஸ் பேலஸில் நடந்த லாரி ஹோம்ஸின் சண்டையை அதில் உட்கார்ந்தபடி பார்த்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மறுநாள் காலை மாரடைப்பு. அவருக்கு வயது 66.

ஆர்லிங்டன் தேசிய ராணுவக் கல்லறையில் இடம் பெற சில தகுதி விதிகள் உண்டு. அவற்றைத் தளர்த்தி, ஜோவை அங்கே அடக்கம் செய்ய அனுமதித்தார் அதிபர் ரீகன். இறுதிச்சடங்குச் செலவில் ஒரு பங்கை ஜெர்மனியிலிருந்து ஏற்றுக்கொண்டவர் மாக்ஸ் ஷ்மெலிங். 2005-ல் அவர் இறந்தபோது வயது 99.