விசேஷம் இல்லாத நாளின் படங்கள்

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் மிஞ்சியிருக்கும் பழைய படங்களில் பெரும்பகுதி ஸ்டூடியோவில் எடுத்தவை. நாற்காலியில் தாத்தா, பக்கத்தில் விறைப்பாக நிற்கும் அப்பத்தா, தரையில் பிள்ளைகள், பின்னால் மாளிகையோ பூந்தோட்டமோ வரைந்த திரை. 1880 முதல் 1980 வரையிலான இத்தகைய படங்களைத் தேடி, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மின்வடிவில் சேர்த்து வைத்திருக்கிறது. அரிய சேமிப்பு அது. ஆனால் அந்தக் காலத்துப் படங்களில் முகம் இருக்கும் அளவுக்கு வீடு இல்லை. அடுப்படி, தொழுவம், குடத்தோடு தண்ணீருக்கு நடந்த பாதை ஆகியவை அபூர்வமாகவே பதிவாகியிருக்கின்றன.

அதற்குக் காரணம் இருந்தது. பிலிமும் கழுவும் கூலியும் செலவு பிடித்தவை. நடுத்தரக் குடும்பங்களுக்கு வந்து சேர்ந்த அக்ஃபா கிளிக் 3 போன்ற எளிய கேமராவிலும் ஒரு சுருளுக்கு 12 படம்தான். வெயில் இல்லாத இடத்தில் அது அநேகமாகப் பயன்படாது. எனவே காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று நாள் பார்த்தே படம் எடுத்தார்கள். இன்று செல்போன் கேமரா அந்தத் தடைகளை நீக்கிவிட்டது. பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. விசேஷத்துக்கு ஆயிரம் படம் எடுக்கும் வீட்டில், அம்மா இட்லி ஊற்றும் படம் ஒன்றுகூட இருப்பதில்லை.

இந்தப் பழக்கத்தை மீறியவர்கள் முன்பே உண்டு. ஓவியர் அம்ரிதா ஷெர்கில்லின் தந்தை உம்ராவ் சிங் (1870–1954) பல பத்தாண்டுகள் தம் மனைவியையும் மகள்களையும் வீட்டுக்குள்ளேயே படமெடுத்தார். பிரான்சில் ழாக் ஆன்றி லார்டீக் சிறுவயதிலேயே கையில் கேமராவோடு தம் குடும்பத்தாரின் விளையாட்டுகளைப் பதிவு செய்தார்; 1963இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. இருவரும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். அந்த வசதி எதுவும் இல்லாத மதுரைப் பக்கத்துப் புகைப்படக் கலைஞர் பழனி குமார், மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்கிய தம் தாயையே கருவாக்கினார். இந்த மூவரில் தமிழ் வாசகர் முதலில் பார்க்க வேண்டியவை அவர் படங்களே. உழைப்பு எங்கே நடக்கிறதோ அங்கே படம் இருக்கிறது என்பதை அவை காட்டுகின்றன.

திண்டுக்கல்லை அடுத்த தாடிக்கொம்பை எடுத்துக்கொள்ளலாம். வெளியூரார் கேமராவோடு இங்கே வருவது சவுந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்துத் தூண் சிற்பங்களுக்காக. சித்திரையில் பெருமாள் குடகனாற்றில் இறங்கும்போது எல்லாக் கைகளும் செல்போனை உயர்த்துகின்றன. அத்தனை பேரும் எடுப்பது ஏறக்குறைய ஒரே படம். அன்று காலை வீட்டில் நடந்ததோ அந்த வீட்டுக்கே உரியது: பேத்திக்குச் சடை பின்னும் அம்மாச்சி, வேட்டி மடிப்பைச் சரிபார்க்கும் அப்பா, வாசலில் கோலம் காய்வதற்குள் அதை மிதித்துவிட்டு ஓடும் சின்னவன்.

திருவிழா இல்லாத நாளிலும் குறைவில்லை. திண்ணையில் மல்லிகை கட்டும் விரல்கள், முருங்கைக்கீரை ஆயும் முறம், சின்ன வெங்காயம் உரிக்கும்போது கலங்கும் கண், மொட்டைமாடியில் மோர்மிளகாய் காயும் துணி. ஷிஃப்ட் முடிந்து மில் வேனிலிருந்து இறங்கும் அக்கா, வீட்டுப்பாடம் எழுதியபடியே தூங்கிப்போன தம்பி. ஆட்கள் இல்லாவிட்டாலும் கரு உண்டு: வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, என்ன வேலை என்று ஊகிக்கலாம். ஒரே வேலையை ஒரே இடத்திலிருந்து மாதம் ஒருமுறை எடுத்து வந்தால், சில ஆண்டுகளில் பிள்ளை வளர்வதும் சுவரின் நிறம் மாறுவதும் தானாகவே பதிவாகும்.

கருவைக் கண்டுகொண்ட பிறகு தேட வேண்டியது வெளிச்சம். சமவெளி வெயில் உச்சியில் நிற்கும்போது கண்ணுக்குக் கீழே கறுத்த நிழல் விழும். காலையும் சாயங்காலமும் வெயில் சாய்ந்து வரும்போது முகம் தெளியும். வீட்டுக்குள் என்றால் கதவும் ஜன்னலும்தான் விளக்கு. வேலை செய்பவரின் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி எடுப்பவர் இடம் மாறி நின்றால் போதும், அவரை நகரச் சொல்ல வேண்டியதில்லை. ஃபிளாஷ் முகத்தைத் தட்டையாக்கிவிடும். அசையும் கைகள் கலங்காமல் தெரிய ஷட்டர் வேகம் நொடியில் 125இல் ஒரு பங்காவது இருப்பது நல்லது. குழந்தையை எடுக்கும்போது குனிந்து அதன் கண் உயரத்துக்கு வர வேண்டும். நின்றபடி எடுத்தால் தலைதான் பெரிதாகத் தெரியும்.

நிறத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பல செல்போன்கள் முகத்தைத் தாமாகவே வெளுப்பாக்கிச் சுருக்கங்களையும் அழித்துவிடுகின்றன. அப்பத்தாவின் நெற்றிச் சுருக்கம் போன படம் அப்பத்தாவின் படமே அல்ல. அந்த அழகூட்டும் வசதியை முதலில் நிறுத்திவிட வேண்டும். வெள்ளைச் சட்டையோ வெயில் படும் வாசலோ படத்துக்குள் இருந்தால், கருத்த முகம் இருண்டு போகும். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கையால் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம்.

எடுக்கும் உரிமையும் எல்லையற்றதல்ல. நைட்டியில் சமைப்பவரும் நோயில் படுத்திருப்பவரும் வேண்டாம் என்றால் கேமரா கீழே இறங்க வேண்டும். பிள்ளைகள் குளிக்கும் படத்தை வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் போடுவது தவறு. வளர்ந்த பின் அதற்காக வருந்தப்போவது அந்தப் பிள்ளைதான். முதல் சில நாள் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். பழகிய பிறகு வேலையைப் பார்ப்பார்கள். உண்மையான படங்கள் அப்போதுதான் கிடைக்கும்.

எடுத்ததைக் காப்பது கடைசி வேலை, அதிகம் கைவிடப்படுவதும் அதுதான். செல்போன் தொலைந்தால் படங்களும் போகும். ஆண்டுக்கு இருபது முப்பது படங்களையாவது தேர்ந்து அச்சிட்டு, பின்புறம் பென்சிலால் பெயர், ஊர், தேதி எழுதி வையுங்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய படங்களில் யார் யார் என்று, சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.