இலவசமாகத் தருபவர் எதை எடுத்துக்கொள்கிறார்?

சந்தையில் ஒரு வியாபாரி எமக்குச் சாக்குகளை இலவசமாகத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை பரப்பு விதைத்தோம், யாரிடம் கடன்பட்டோம், எப்போது காசு தேவை என்பவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். விளைச்சலுக்கு விலை பேசும் நாளில் அந்தக் குறிப்பு யாருக்கு உதவும்? கமக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கைத்தொலைபேசியில் கிடைக்கும் பல இலவச சேவைகளும் இத்தகையவையே. பேஸ்புக்கை நடத்தும் மெற்றா நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வருமானத்தில் நூற்றுக்கு 97 பங்குக்கும் மேல் விளம்பரத்தால் வந்தது. யார் எங்கே இருக்கிறார், எதைத் தேடுகிறார் என்று அறிந்தால் விளம்பரத்தைக் கூடிய விலைக்கு விற்கலாம். எனவே எமது விபரங்களைத் திரட்டுவதே இத்தொழிலின் அத்திவாரம்.

2018இல் இதன் ஆபத்து வெளிச்சத்துக்கு வந்தது. பேஸ்புக்கில் ஒரு வினாவிடைச் செயலியைப் பாவித்தவர்கள் ஏறத்தாழ 3 இலட்சம் பேர்தான். ஆனால் அவர்களது நண்பர்களுமாக 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையானோரின் விபரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்திடம் போயிருக்கலாம் என்று பேஸ்புக்கே அறிவித்தது. தனியுரிமை மீறல்களுக்காக 2019இல் அமெரிக்காவில் அதற்கு 500 கோடி டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அது அந்நிறுவனத்தின் ஒரு மாத வருமானத்திலும் குறைவு.

தண்டத்தைவிட ஒரு கேள்வி அதிகம் சாதித்தது. 2021 ஏப்ரலில் அப்பிள் நிறுவனம், தனது தொலைபேசிகளில் பிற செயலிகள் பாவனையாளரைப் பின்தொடர முன் அனுமதி கேட்கவேண்டும் என்று விதித்தது. கேட்டபோது பலர் மறுத்தனர். இதனால் 2022இல் சுமார் 1,000 கோடி டொலர் இழப்பு ஏற்படும் என மெற்றா கணக்கிட்டது.

அப்பிளுக்குத் தொலைபேசி விற்பதே பிரதான தொழில். தனியுரிமை அதன் விற்பனைக்கு உதவும். அதே அப்பிள், தனது கருவிகளில் கூகிள் தேடலை முதலிடத்தில் வைப்பதற்காக 2022இல் கூகிளிடமிருந்து 2,000 கோடி டொலர் பெற்றது. ஆகவே நிறுவனத்தின் வாக்குறுதியை மட்டுமன்றி, அதன் இலாபம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

இலங்கையிலும் 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. சட்டம் ஒருபுறமிருக்க, எமது கையிலும் ஒரு காவல் உண்டு. ரோச் லைற் செயலிக்கு உறவினரின் தொலைபேசி இலக்கங்கள் எதற்கு? அது கேட்டால் மறுப்போம். முன்பு கொடுத்த அனுமதியையும் தொலைபேசியின் அமைப்புகளில் நீக்கலாம். இடம்பெயர்ந்து வாழும் எமக்கு, எங்கே தங்கியிருக்கிறோம், யார் எமக்கு உதவுகிறார் என்பவை சாதாரண விபரங்கள் அல்ல. அந்த இலக்கங்களுக்கு உரியவர்களின் பாதுகாப்பும் எமது கையிலேயே இருக்கிறது.